இறுக்கினால் கெட்டியாகுமா?

கோவை பீளமேட்டில் ஸ்பிரிங் என்ற பேச்சு மோட்டார் சைக்கிளுக்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. நூற்பாலையில் ரிங் ஃப்ரேம் இயந்திரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பஞ்சிழையை இழுத்து மெலிதாக்க உருளைகள் வரிசையாக ஓடும். மேல் உருளையைக் கீழ் உருளை மீது அழுத்திப் பிடிக்க ஒரு கை உண்டு. அந்தக் கைக்குள் சுருள் ஸ்பிரிங்குகள். அழுத்தம் போதவில்லை என்றால் ஃபிட்டர் சாவியைப் போட்டு ஒரு படி திருப்புவார். ஸ்பிரிங் இன்னும் கொஞ்சம் ஒடுங்கும், உருளை மீது விழும் பாரம் உடனே கூடும். இறுக்கினால் அழுத்தம் ஏறும் என்பது இந்த ஊரில் மூன்று தலைமுறையாகக் கை அறிந்த பாடம்.

அந்தப் பாடத்தை அப்படியே பைக் பட்டறைக்குக் கொண்டுவந்ததில்தான் சிக்கல். 100 கிலோ எடையுள்ள ஒருவர் மண்பாதையில் பைக் ஓட்டுகிறார். பிரேக் பிடித்தால் முன்பக்கம் முக்கிக்கொண்டு இறங்குகிறது. மேட்டில் தாவி இறங்கினால் ஃபோர்க் ‘டங்’கென்று அடி வாங்குகிறது. “ஸ்பிரிங்கைக் கொஞ்சம் டைட் வச்சுக்குடுங்க” என்கிறார். ஃபோர்க்கின் மூடியைத் திறந்து ஸ்பிரிங்கின் தலையில் ஒரு வாஷரோ, இரண்டு விரற்கடை பிவிசி பைப் துண்டோ வைத்து மூடிவிடுகிறார்கள். ஓட்டிப் பார்த்தால் முன்பக்கம் உயர்ந்து நிற்கிறது. கெட்டியாகிவிட்டது போலவும் தெரிகிறது. ஆனால் அடுத்த மேட்டில் அதே ‘டங்’.

மில்லில் பலித்த வித்தை பைக்கில் ஏன் பலிக்கவில்லை? மில் உருளை தன் இடத்தை விட்டு நகராது. ஸ்பிரிங் எவ்வளவு ஒடுங்கி நிற்கிறதோ அவ்வளவுதான் அழுத்தம். ஒடுக்கத்தைக் கூட்டினால் அழுத்தமும் கூடியே ஆகவேண்டும். பைக்கில் ஸ்பிரிங்கின் மேல் இருப்பது நகரக்கூடிய பாரம். வண்டி அசையாமல் நிற்கும்போது ஸ்பிரிங் தாங்கவேண்டியது வண்டியின் எடையும் ஆளின் எடையும்தான். வாஷர் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அந்த எடை மாறுவதில்லை. 10 மி.மீ. பைப் துண்டு வைத்தால் ஸ்பிரிங் அதே அளவுதான் ஒடுங்கும், வண்டி மட்டும் 10 மி.மீ. உயர்ந்து நிற்கும். உயரம் மாறியதே தவிர, ஸ்பிரிங்கின் சுபாவம் மாறவில்லை.

கொஞ்சம் கணக்குப் போடலாம். பந்தயத்துக்கான டர்ட் பைக்கின் ஃபோர்க் சுமார் 300 மி.மீ. இறங்கும். இத்தகைய பைக்குகளில் பலவும் 75 முதல் 85 கிலோ எடையுள்ள ஓட்டுநரை மனதில் வைத்தே தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. ஒவ்வொரு காலிலும் ஒரு மி.மீ.க்கு 4.4 நியூட்டன் ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு காலும் சேர்ந்து 8.8. அதாவது முன்பக்கத்தை ஒரு மி.மீ. இறக்க ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான பாரம் வேண்டும். பூட்டும்போதே 5 மி.மீ. ஒடுங்கியிருக்கும் ஸ்பிரிங், ஃபோர்க் முழுதும் இறங்கும்போது ஏறக்குறைய 2680 நியூட்டன் எதிர்ப்பைத் தரும். பைப் துண்டால் இன்னும் 10 மி.மீ. ஒடுக்கினால் அது 2770 ஆகும். மூன்று சதவீதம்தான் கூடியிருக்கிறது. மாறாக ஸ்பிரிங்கையே மாற்றி 4.8 போட்டால் 2930க்கு வந்துவிடும், ஒன்பது சதவீத உயர்வு. அதோடு, இறங்கும் ஒவ்வொரு மி.மீ.யும் முன்பைவிடக் கடினமாகிறது. வாஷரால் இதைச் செய்யவே முடியாது.

வாஷருக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. ஃபோர்க் இறங்குவது போலவே மேலெழவும் இடம் வேண்டும். கிளுவை வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரியில் மாட்டுவண்டி ஓடிய பழைய தடத்தில் சக்கரம் விழும்போது, ஃபோர்க் நீண்டு கீழே போய்த் தரையைத் தொட்டாக வேண்டும். ஸ்பிரிங்கை அளவுக்கு மேல் ஒடுக்கி வைத்தால் ஃபோர்க் எப்போதும் முழுநீளத்திலேயே நிற்கும். குழியில் சக்கரம் அந்தரத்தில் தொங்கும். சின்னக் கல்லின் மீது ஏறும்போதும் முதல் மி.மீ. இறங்கவே பெரிய பாரம் தேவைப்படுவதால் கை அதிரும். ஆக, சின்னக் கல்லுக்குக் கெட்டி, பெரிய மேட்டுக்கு மெத்தை. வேண்டியதற்கு நேர்மாறு.

ஃபோர்க்கின் உள்ளே நடப்பதைப் பார்த்தால் 17ஆம் நூற்றாண்டின் இரண்டு பெயர்கள் ஒரே குழாய்க்குள் அடைபட்டுக் கிடப்பது தெரியும். ஒருவர் ராபர்ட் ஹூக். ஸ்பிரிங்கை எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு விகிதத்தில் அது எதிர்க்கும் என்பது அவர் விதி. 1676இல் அதை எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராக அச்சிட்டார், யாரும் திருடிவிடக் கூடாதென்று. விடையை 1678இல் வெளியிட்டார். இன்னொருவர் ராபர்ட் பாயில். காற்றின் கொள்ளளவைப் பாதியாக்கினால் அழுத்தம் இரட்டிக்கும் என்ற அவரது விதி 1662இல் வெளிவந்தது. பாயிலுக்குக் காற்றுப் பம்பைக் கட்டித் தந்த உதவியாளர் வேறு யாருமல்ல, இதே ஹூக்தான். ஃபோர்க்கில் ஸ்பிரிங் ஹூக்கின் விதிப்படி நடக்கிறது. எண்ணெய்க்கு மேலே அடைபட்ட காற்று பாயிலின் விதிப்படி நடக்கிறது.

இந்தக் காற்றுதான் கனமான ஓட்டுநருக்குக் கிடைத்த இலவச உதவி. ஃபோர்க்கை முழுதும் இறக்கி, ஸ்பிரிங்கை வெளியே எடுத்துவிட்டு, குழாயின் விளிம்பிலிருந்து எண்ணெய் எத்தனை மி.மீ. ஆழத்தில் இருக்கிறது என்று அளப்பார்கள். 110 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். எளிமையாக்கிய கணக்கில், ஃபோர்க் முழுநீளத்தில் இருக்கும்போது காற்றுத் தூண் 410 மி.மீ., அடிவரை இறங்கும்போது 110. அழுத்தம் 3.7 மடங்கு ஏறுகிறது. இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டு மட்டத்தை 10 மி.மீ. உயர்த்தினால் 400க்கு 100, அதாவது 4 மடங்கு. பாதிவழியில் என்ன ஆகிறது? முதலில் 1.58 மடங்கு இருந்தது இப்போது 1.6. வித்தியாசம் கைக்குத் தெரியாது. எண்ணெய் மட்டத்தை உயர்த்துவது பயணத்தின் முதல் பாதியைத் தொடாமல் கடைசி அங்குலங்களை மட்டும் கெட்டியாக்குகிறது. சின்னக் கற்களில் நன்றாக ஓடி, தாவி இறங்கும்போது மட்டும் அடி வாங்கும் வண்டிக்கு இதைவிட மலிவான வைத்தியம் இல்லை. ஊசி இல்லாத சிரிஞ்சில் ஏற்றினால் போதும். ஒரு நேரத்தில் 5 மி.மீ.க்கு மேல் வேண்டாம். கையேடு சொல்லும் எல்லையைத் தாண்டினால் ஆயில் சீல் பிதுங்கும்.

எண்ணெயைக் கூட்டுவது வேறு, கெட்டி எண்ணெய் ஊற்றுவது வேறு. வாஷருக்கு அடுத்தபடியாக நம் பட்டறைகளில் நடக்கும் வைத்தியம் இரண்டாவதுதான். எண்ணெய் வேகத்தை எதிர்க்கும், எடையைத் தாங்காது. நின்றிருக்கும் வண்டியின் ஃபோர்க்கில் எண்ணெய் தண்ணீராக இருந்தாலும் தேனாக இருந்தாலும் வண்டி ஒரே உயரத்தில்தான் நிற்கும். ஓடும்போது கெட்டி எண்ணெய் ஃபோர்க்கை மெதுவாக இறங்க விடும், சரி. ஆனால் மெதுவாகத்தான் எழவும் விடும். வரிசையாக நான்கு மேடுகள் வந்தால் முதல் மேட்டில் இறங்கிய ஃபோர்க் முழுதும் எழுவதற்குள் இரண்டாவது வந்துவிடுகிறது, அது எழுவதற்குள் மூன்றாவது. ஃபோர்க் படிப்படியாகத் தாழ்ந்து, நான்காவது மேட்டில் இறங்க இடமே இல்லாமல் கையை உடைக்கிறது. ஓட்டுபவருக்கோ ‘ஸ்பிரிங் இன்னும் மெத்தையாகத்தான் இருக்கு’ என்று படும். இன்னும் கெட்டியான எண்ணெய் ஊற்றுவார். இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம்.

சரி, ஸ்பிரிங்கையே மாற்றுவோம். இங்கே ஒரு விந்தை இருக்கிறது. சுருள் ஸ்பிரிங்கை அழுத்தினால் அதன் கம்பி வளைகிறது என்றுதான் நமக்குத் தோன்றும். உண்மையில் கம்பி முறுக்கிக்கொள்கிறது. ஈரத்துணியைப் பிழியும்போது துணி திருகுவதைப் போல, ஒவ்வொரு சுற்றிலும் கம்பி தன்னைத்தானே மெல்லத் திருகுகிறது. சுருள் ஸ்பிரிங் என்பது சுருட்டி வைத்த முறுக்குக் கம்பிதான். முறுக்கை எதிர்க்கும் வலிமை கம்பித் தடிமனின் நான்காம் படியில் ஏறுகிறது. தடிமன் இரட்டித்தால் கடினம் பதினாறு மடங்கு. அதனால்தான், சுருளின் அகலமும் சுற்றுகளின் எண்ணிக்கையும் அப்படியே இருக்க, 4.5 மி.மீ. கம்பிக்குப் பதில் 4.6 மி.மீ. கம்பி போட்டால், வெறும் 0.1 மி.மீ. வித்தியாசத்துக்கு ஸ்பிரிங் ஒன்பது சதவீதம் கெட்டியாகிவிடுகிறது. முன்பு பார்த்த 4.4லிருந்து 4.8க்குப் போகும் தூரம் அவ்வளவே. இரண்டு ஸ்பிரிங்குகளையும் கையில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. வெர்னியர் காலிபரும் நல்ல கையும் வேண்டும்.

சுற்றுகளின் எண்ணிக்கையோ தலைகீழ் விகிதம். 48 சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் நான்கை வெட்டி எடுத்துவிட்டு, குறைந்த நீளத்துக்குப் பைப் வைத்தால் அதே ஒன்பது சதவீதம் கிடைக்கும். முரட்டு வைத்தியம் போலத் தோன்றினாலும் இயற்பியல் இதற்கு இடம் தருகிறது. ஆனால் மீதியுள்ள 44 சுற்றுகளும் 300 மி.மீ. பயணத்தைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். சுற்றுகளுக்கு நடுவே இடைவெளி போதவில்லை என்றால் அவை ஒன்றோடொன்று முட்டி, ஃபோர்க் அடிதட்டும் முன்பே ஸ்பிரிங் இரும்புக் கட்டையாகிவிடும். வெட்டுவதற்கு முன் இடைவெளியை அளந்து கூட்டிப் பாருங்கள்.

மில் இயந்திரங்களுக்கு ஸ்பிரிங் சுற்றித் தரும் பட்டறைகள் உள்ள ஊரில் ஃபோர்க் ஸ்பிரிங்கும் சுற்றித் தரச் சொல்லலாமே என்று கேட்கலாம். சுற்றலாம். ஆனால் குளிர்நிலையில் சுற்றிய கம்பிக்குள் தங்கிவிடும் இறுக்கத்தைச் சூட்டில் வைத்துத் தளர்த்தியாக வேண்டும். இல்லாவிட்டால் சில வாரங்களில் ஸ்பிரிங் நீளம் குறைந்துபோகும். இரண்டு முனைகளையும் தட்டையாக அரைக்க வேண்டும். இரண்டு கால்களின் ஸ்பிரிங்கும் ஒரே கடினத்தில் வர வேண்டும். கையில் இருக்கும் ஸ்பிரிங்கின் கடினம் எவ்வளவு என்று தெரியாவிட்டால் ட்ரில்லிங் மெஷினும் எடை பார்க்கும் தராசும் போதும். தராசின் மேல் ஸ்பிரிங்கை நிறுத்தி, வளையாமல் இருக்க உள்ளே ஒரு குழாயைச் செருகி, மெஷின் கைப்பிடியால் சரியாக 25 மி.மீ. அழுத்திப் பாருங்கள். 11 கிலோவும் சில்லறையும் காட்டினால் அது 4.4. பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951இல் தொடங்கிய நாளிலிருந்து இந்தப் பகுதியில் எத்தனையோ மாணவர்கள் ஆய்வகத்தில் செய்த சோதனைதான் இது; அங்கே கருவி கொஞ்சம் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

கெட்டி ஸ்பிரிங் போட்டால் சவாரி முரடாகும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. வண்டி மேலும் கீழும் ஆடும் தாளம், ஸ்பிரிங்கின் கடினத்தை நிறையால் வகுத்து வரும் விடையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. நம் உதாரணத்தில் 80 கிலோ ஆள் உட்கார்ந்தால் ஃபோர்க்கின் மேல் ஏறக்குறைய 75 கிலோ நிறை நிற்கும். தாளம் நொடிக்கு 1.72 முறை. அதே வண்டியில் 100 கிலோ ஆள் ஏறினால் கூடுதல் 20 கிலோவில் ஒன்பது கிலோ முன்னால் வரும், தாளம் 1.63க்கு இறங்கிவிடும். 4.8 ஸ்பிரிங் போட்டதும் 1.70. அதாவது சரியான ஸ்பிரிங் போட்ட பிறகு கனமான ஆளுக்குக் கிடைப்பது, தொழிற்சாலை நினைத்த ஆளுக்குக் கிடைத்த அதே சவாரிதான். முரட்டுத்தனம் எதுவும் கூடவில்லை. ஸ்பிரிங்கை மாற்றியதும் அது வேகமாக எழ முயலும் என்பதால் எழுச்சியைக் கட்டுப்படுத்தும் திருகை ஓரிரு ‘கிளிக்’ உள்ளே திருப்பவேண்டி வரும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு குறுக்குக் கேள்வி. நோய் உண்மையிலேயே முன்பக்கத்தில்தான் இருக்கிறதா? கூடுதல் 20 கிலோவால் முன்பக்கம் சுமார் 10 மி.மீ. தாழ்கிறது. பின்பக்கத்துக்குப் போகும் 11 கிலோவோ, நெம்புகோல் அமைப்பின் வழியே இன்னும் மெத்தையான எதிர்ப்பைச் சந்திப்பதால், சுமார் 20 மி.மீ. தாழ்த்துகிறது. வண்டி பின்னால் குந்திக்கொள்கிறது. ஃபோர்க்கின் சாய்வு கூடுகிறது, முன்சக்கரத்தின் மேல் பாரம் குறைகிறது, வளைவில் திருப்பினால் சக்கரம் நேராக வழுக்கிக்கொண்டு போகிறது. ஓட்டுபவர் ஃபோர்க்கைத் திட்டுகிறார். குற்றவாளி சீட்டுக்குக் கீழே இருக்கிறான். ஆகவே பின்பக்கத்தை முதலில் சரிசெய்யாமல் ஃபோர்க்கைத் தொடுவது காசையும் நேரத்தையும் விரயமாக்குவது என்பது என் தீர்மானமான கருத்து.

அளப்பதற்கு ஒரு டேப்பும் இரண்டு நண்பர்களும் போதும். சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது பின் அச்சிலிருந்து மட்காப்பில் குறித்த புள்ளி வரை ஓர் அளவு. வண்டி தன் எடையில் மட்டும் நிற்கும்போது இன்னொன்று. ஆள் முழு உடுப்போடு ஏறி ஃபுட்ரெஸ்ட்டில் நிற்கும்போது மூன்றாவது. 300 மி.மீ. பயணமுள்ள பைக்கில் ஆளோடு 100 முதல் 105 மி.மீ. தாழ்வது நல்லது. வண்டி மட்டும் நிற்கும்போது 30 முதல் 40. இனித்தான் வேடிக்கை. கனமான ஆளுக்காக ஸ்பிரிங்கை இறுக்கி இறுக்கி 105க்குக் கொண்டுவந்துவிட்டோம். இப்போது ஆளை இறங்கச் சொல்லிப் பார்த்தால் வண்டி 15 மி.மீ.கூடத் தாழவில்லை. ‘ஸ்பிரிங் ரொம்பக் கெட்டி போல’ என்றுதான் யாரும் சொல்வார்கள். உண்மை நேரெதிர்: ஸ்பிரிங் மெத்தை. மெத்தையான ஸ்பிரிங்கை அளவுக்கு மேல் இறுக்கித்தான் அந்த ஆளைத் தாங்க வைத்திருக்கிறோம். ஆள் இறங்கியதும் அந்த இறுக்கம் வண்டியை உச்சிக்குத் தள்ளிவிடுகிறது. இந்த ஒரு சோதனையைப் புரிந்துகொண்டவருக்கு மீதி எல்லாம் தானே விளங்கும்.

முன்பக்கத்திலும் இதே முறைதான். ஆளோடு தாழ வேண்டியது மொத்தப் பயணத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை. ஃபோர்க்கில் உரசல் அதிகம் என்பதால் ஒரு முறை அளந்தால் ஏமாற்றும். கீழே அழுத்தி மெதுவாக விட்டு ஒரு அளவு, மேலே தூக்கி மெதுவாக விட்டு ஒரு அளவு, இரண்டுக்கும் நடுவில் உண்மை. ஓடும்போது எவ்வளவு இறங்குகிறது என்று தெரிய, ஃபோர்க் தண்டில் ஒரு கேபிள் டையைச் சுற்றிவிட்டால் அதுவே சாட்சி சொல்லும். நாள் முழுக்க ஓட்டியும் அது அடியைத் தொடவே இல்லை என்றால் அளவுக்கு மேல் கெட்டி. மிகப் பெரிய தாவலில் ஒருமுறை மெல்லத் தொட்டால் சரியான அளவு.

எழுபது கிலோக்காரருக்கும் நூறு கிலோக்காரருக்கும் ஒரே வண்டியை விற்பது இந்தியாவில் வழக்கம். இங்கே மண்பாதைக்கு வாங்கப்படும் வண்டிகளில் பந்தய பைக் சொற்பம். எக்ஸ்பல்ஸ் 200, ஹிமாலயன் போன்றவைதான் அதிகம். எக்ஸ்பல்ஸின் முன் ஃபோர்க் 190 மி.மீ. பயணம் கொண்டது, அதன் ‘ப்ரோ’ வகையில் 250 மி.மீ., திருகி மாற்றும் வசதியும் உண்டு. கணக்கு இவற்றுக்கும் அதேதான், எண்கள் மட்டும் சிறியவை. 190 மி.மீ. ஃபோர்க் ஆளோடு 40 முதல் 50 மி.மீ. தாழ்ந்தால் போதும். காற்றையே ஸ்பிரிங்காக வைத்த சில மோட்டோகிராஸ் பைக்குகளில் மட்டும் வேலை சுலபம். பம்ப் அடித்தால் உயரமும் ஏறும், கடினமும் ஏறும். இறுக்கினால் கெட்டியாகும் என்ற பீளமேட்டுப் பாடம் அங்கே பலிக்கும்.

வேகத்தின் மேல் இந்த ஊருக்கு இருக்கும் மோகம் பழையது. ஜி.டி. நாயுடு இளவயதில் ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, பணம் சேர்த்து அதையே வாங்கி, அக்கக்காகக் கழற்றிப் பூட்டிய கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். செட்டிபாளையத்தில் கார் பந்தய வீரர் கரிவரதன் பெயரில் பந்தயத் தடம் இருக்கிறது. நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். ஆனால் அதெல்லாம் தார்ச்சாலை. மண்ணில் பெரிய பெயர் வாங்கியவர் பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம், ஷொர்ணூரைச் சேர்ந்த ஹரித் நோவா; 2024 டக்கார் பந்தயத்தில் ராலி-2 பிரிவை வென்றவர். அத்தகைய பந்தயங்களில் ஓட்டுநரின் எடைக்கு ஏற்ப ஸ்பிரிங் பூட்டுவது முதல் நாள் வேலை. நம் பட்டறைகளிலோ ஹேண்டில்பார், சைலன்சர், ஸ்டிக்கர் எல்லாம் முடிந்து, கடைசியில் காசு மிஞ்சினால்தான் ஸ்பிரிங்.

ஃபோர்க் மூடியைத் திறப்பதற்கு முன் முன்சக்கரத்தை அந்தரத்தில் தூக்கி வையுங்கள். முகத்தை மூடிக்கு நேராகக் கொண்டுபோகாதீர்கள். கடைசி மரை கழன்றதும் ஸ்பிரிங் எகிறும். ஸ்பிரிங்குக்கு ஆர்டர் கொடுக்கும்போது கடைக்காரர் எடை கேட்பார். ஹெல்மெட், பூட்ஸ், முழங்கால் காப்பு, தண்ணீர்ப் பை எல்லாம் சேர்ந்தால் எட்டு பத்து கிலோ வரும். அவற்றை மாட்டிக்கொண்டே தராசில் ஏறுங்கள். வீட்டில் சொல்லும் எடையைச் சொல்லாதீர்கள், தராசு காட்டிய எடையைச் சொல்லுங்கள்.